ஆட்டுமேட்டில் பளபளத்த பெயர்

சைக்கிள் பந்தய வீரன் வான்னஸ் லோட்டன்ஸுக்கு வயதாகிவிட்டது என்று வெல்டெகெம் ஊரில் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னவர் கஸ்ட். அன்றைக்கு ரோசாவின் கஃபேயில் காபி இயந்திரம்கூட அதிர்ச்சியில் சீறுவதை நிறுத்திக்கொண்டது. அதெல்லாம் பழைய கதை. இப்போது அதைச் சொல்லாமல் அங்கே யாரும் முதல் கிளாஸ் பீரைக்கூட முடிப்பதில்லை.

"முதல்ல போறது வேகம்னு நெனைக்கிறீங்க பாரு, அங்கதான் தப்பு," என்றார் கஸ்ட். ஓய்வுபெற்ற கசாப்புக் கடைக்காரர். கழுத்து என்ற ஒன்றைக் கடவுள் அவருக்கு வைக்கவில்லை. தலை நேராகத் தோளிலிருந்தே முளைத்திருக்கும். மாடுகளைக் கூறு போட்ட கை இப்போது சைக்கிள் வீரர்களைக் கூறு போட்டுக்கொண்டிருந்தது. "முதல்ல போறது அந்தச் சுள்ளுனு கிளம்புற கிளம்பல். அடுத்தது இறக்கத்துல தைரியம். நெஞ்சுக்குள்ள இருக்கிற எஞ்சின் கடைசியாத்தான் போகும். நம்ம பயலுக்கு எஞ்சின் மட்டும்தான் மிச்சம். வெறும் எஞ்சினை வெச்சிக்கிட்டு தண்ணிதான் இறைக்கலாம்."

"ரெண்டாவது குழந்தை பொறந்ததுலேருந்து இறக்கத்துல பிரேக்கைத் தடவிக்கிட்டே வர்றாரு," என்றான் லீவன். வான்னஸ் ரசிகர் மன்றத்தின் பொருளாளர். நாற்பது வயது, வழுக்கை, கையில் எந்நேரமும் போன். "டிவில ஹெலிகாப்டர்லேருந்து காட்டும்போதே தெரியுது."

"குழந்தையா? நாலு எலும்பு ஒடிஞ்சா நீயும் தடவுவே," என்று கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து ரோசா குரல் கொடுத்தாள். "படிக்கட்டுல இறங்கும்போதே கைப்பிடியைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு வர்ற ஆளு நீ."

இந்தப் பேச்சுக்கெல்லாம் நடுவில் ஒருவர் மட்டும் வாயைத் திறக்காமல் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். மன்றத் தலைவர் ஓடீல். எழுபதைத் தாண்டியவர். வாழ்நாள் முழுவதும் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். வெல்டெகெமில் அவர் தூரிகை படாத ஜன்னல் இல்லை. தங்கள் வீட்டுக் கதவுக்கு அவர்தான் அடிக்க வேண்டும் என்று சாகும் தறுவாயில் சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. வான்னஸ் சிறு பையனாக இருந்தபோது யாரோ தூக்கிப் போட்ட துருப்பிடித்த சைக்கிள் ஒன்றை எடுத்துவந்தான். சர்ச் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சையை அதற்கு அடித்துக் கொடுத்தது ஓடீல்தான். அந்தப் பச்சை சைக்கிளிலிருந்து தொடங்கிய கதை, மேட்டுச் சுற்றுப் பந்தயத்தில் இரண்டு முறை கைகளைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்தது வரை போயிற்று. அந்த இரண்டு படங்களும் கஃபே சுவரில் சட்டம் போட்டுத் தொங்கின. அதற்கு மேலே மன்றத்தின் பெரிய மஞ்சள் பதாகை.

மன்றம் தொடங்கிய நாளிலிருந்து ஓடீல் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் உட்கார்ந்ததில்லை. பிப்ரவரியில் காதுமடல் உதிர்ந்து பையில் விழுகிற குளிரிலும், வயல் சேறு முழங்கால் வரை ஏறுகிற மழையிலும், வளைவில் கொடியோடு நிற்பார். முழங்கால்கள் இரண்டும் இப்போது நடக்கும்போது பழைய கதவுபோலச் சத்தம் போட்டன.

"பேச்சை வளர்க்க வேணாம் தலைவரே," என்றான் லீவன். "ஞாயித்துக்கிழமை மேட்டுச் சுற்றுப் பந்தயம் முடிஞ்சதும் இங்கயே வோட்டு வெச்சிடலாம். வான்னஸ் மன்றத்தை மரியாதையா மூடிட்டு, செப்பே பேருல தொறக்கலாம். அதே டீம், பக்கத்து ஊரு, இருபத்தொரு வயசு. மேட்டுல ஏறும்போது மூக்கால பாட்டுப் பாடிக்கிட்டு ஏறுறான்."

"முப்பத்தெட்டு வயசுல பாடச் சொல்லு, பார்ப்போம்," என்றார் ஓடீல்.

முப்பத்தெட்டு, வான்னஸின் வயது. மற்ற மனிதர்களுக்கு அது தொப்பை தலைகாட்டும் வயது. பந்தய சைக்கிளில் அது கொள்ளுத்தாத்தாவின் வயது.

"இன்னும் ஒரு வருஷம்," என்றார் ஓடீல். "ஒரே ஒரு வருஷம். கொடியில்லாத வளைவைப் பார்த்தான்னா நம்ம வான்னஸ் மனசு ஒடிஞ்சு போயிடுவான். அவனுக்கு நம்மளை விட்டா யாருடா இருக்கா?"

"பொண்டாட்டி, ரெண்டு குழந்தை, மூணு வீடு," என்றாள் ரோசா.

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வோட்டு என்று முடிவாயிற்று. இந்த மன்றத்தில் வோட்டு என்றால் கிளாஸைத் தூக்க வேண்டும். காலி கிளாஸ் செல்லாது. அந்த விதியை எழுதியது ரோசா.

சனிக்கிழமை மத்தியானம் ஓடீலும் கஸ்ட்டும் ஆட்டுமேட்டுக்குப் போனார்கள். ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே செங்குத்தாக எழும் ஒற்றைச் சாலை. ஒரு கார் போனால் இன்னொன்று பள்ளத்தில் இறங்கி வழிவிட வேண்டிய அகலம். சரிவு எப்படியென்றால், அங்கே மேயும் ஆடுகளுக்கு ஒரு பக்கத்துக் கால்கள் குட்டையாகப் பிறக்கும் என்று ஊரில் சொல்வார்கள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் எல்லா மன்றத்துக்காரர்களும் அங்கே வந்து தங்கள் ஆளின் பெயரைச் சாலையில் எழுதுவது வழக்கம். மற்றவர்கள் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, துடைப்பத்தால் கிறுக்கிவிட்டுப் போவார்கள். ஒரு மழைக்குத் தாங்காது. ஓடீல் அவர்களைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. தன் வேனின் பின்கதவைத் திறந்து அவர் எடுத்தது சீக்கிரம் காய்கிற வெள்ளை எனாமல் பெயிண்ட். கடற்கரை வீடுகளின் ஜன்னல் சட்டத்துக்கு அடிக்கிற முதல்தரச் சரக்கு. உப்புக்காற்று பத்து வருடம் முட்டி மோதினாலும் ஒரு செதில் பெயராது.

"இதுக்குப் போயி இவ்வளவு காசுச் சரக்கா?" என்றார் கஸ்ட்.

"நாளைக்கு மழைடா. சுண்ணாம்பு கரைஞ்சு ஓடும். அவன் கண்ணுல அவன் பேரு படணும்."

எங்கே எழுதுவது என்பதில் ஓடீலுக்குச் சந்தேகமே இல்லை. மேட்டின் நடுவே, மிகச் செங்குத்தான வளைவின் உள்பக்கம். அங்கேதான் வான்னஸ் ஏறுவான். மற்றவர்கள் வளைவின் வெளிப்பக்கமாக, சரிவு கொஞ்சம் குறைந்த இடத்தில் சுற்றி ஏறுவார்கள். வான்னஸ் மட்டும் சின்ன வயதிலிருந்தே உள்பக்கத்தை ஒட்டியே போவான். அவன் சக்கரம் எந்த இடத்தில் உருளும் என்பது ஓடீலுக்கு அவன் தாயை விட நன்றாகத் தெரியும். எழுத்துகளைச் சரியாக அந்தத் தடத்தின் மேலேயே போட்டார். ஒரு கோட் அடித்து, காய்ந்ததும் இன்னொன்று. அதற்கு மேல் மூன்றாவதும். மண்டியிட முழங்கால் இடம் கொடுக்காமல் கடைசியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே அடித்தார். தூறல் வந்தபோது கஸ்ட் குடை பிடித்தார். ஓடீலுக்கு அல்ல, எழுத்துகளுக்கு.

முடித்துவிட்டு இருவரும் அதைப் பார்த்தார்கள். பக்கத்தில் மற்ற பெயர்கள் பிச்சைக்காரர்கள்போலக் கிடக்க, வான்னஸ் என்ற பெயர் கல்யாணமண்டபத்துப் பளிங்குபோல மின்னியது.

"முகம் பார்த்து சவரம் பண்ணிக்கலாம் போலருக்கே," என்றார் கஸ்ட்.

ஓடீல் இன்னும் தரையிலேயே கிடந்தார். தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. பெய்கிறது என்று சொல்ல முடியாது. யாரோ மேலேயிருந்து தொட்டி தொட்டியாகக் கவிழ்த்தார்கள். ஓடீலின் மனைவி மரியெட் சோபாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காபிக் கோப்பையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு டிவியைப் போட்டிருந்தாள்.

"போயிட்டு வாங்க. உங்க ஆளு எந்த இடத்துல இருக்கான்னு தெரியணும்னா எனக்குப் போன் பண்ணுங்க," என்றாள்.

அவர் வாசலில் நின்று அந்தச் சோபாவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு கொடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வளைவில் மன்றத்துக்காரர்கள் மஞ்சள் மழைக்கோட்டுகளில் ஈரக்கோழிகள்போல ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பீர் கிளாஸில் குடிக்கக் குடிக்க அளவு குறையவில்லை. மழை நிரப்பிக்கொண்டே இருந்தது. லீவன் போனை நெஞ்சுக்குள் மறைத்துவைத்துப் பார்த்து, செய்தி சொல்லிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் ஒண்ணாத்தான் வர்றாங்க. வான்னஸ் முன்னாடி நகர்ந்து வர்றாரு. அடிவாரத்துக்கு முதல் ஆளா வந்து சேரப் பார்க்கிறாரு."

"இவன் இன்னைக்குப் பந்தயத்தை அடிக்கப் போறான் போல!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"அடிக்கிறதா? மண்ணாங்கட்டி," என்றார் கஸ்ட். மழையில்கூட அவர் குரல் மூன்று வயல் தாண்டிக் கேட்டது. "அது கிழவனுங்க தந்திரம்யா. மேட்டை முதல் ஆளா ஆரம்பிக்கணும். ஏற ஏற ஒவ்வொருத்தனா முந்திப் போவான், விட்டுக்கிட்டே இருக்கணும். உச்சிக்குப் போகும்போது கடைசி ஆளா இருப்பே. ஆனாலும் கூட்டத்தை விட்டுப் பிரியலை இல்ல? அதுக்குத்தான். கடைசியில ஆரம்பிச்சா உச்சிக்கு வரும்போது தபால்காரனோடதான் வரணும்."

ஓடீலுக்கு அது தெரியும். ஒவ்வொரு வருடமும் அந்த விட்டுக்கொடுத்தல் கொஞ்சம் முன்னதாகவே தொடங்கிக்கொண்டிருந்தது என்பதும் தெரியும்.

"ஐயோ, செப்பே பிச்சிக்கிட்டான்!" என்று லீவன் கத்தினான். "அடிவாரத்துக்கு முன்னாடியே! தனியா வர்றான்!"

முதலில் மோட்டார் சைக்கிள்கள், பிறகு செப்பே. மெலிந்த பையன்; சேறு பூசிய முகத்தில் பல் மட்டும் வெள்ளை. வெளிப்பக்கமாகச் சுற்றி, இருக்கையிலிருந்து எழுந்துகூட நிற்காமல், மாடி வீட்டுக்கு மின்தூக்கியில் போவதுபோல ஏறிப் போனான். லீவன் தன்னை மறந்து குதித்தான். ஓடீலின் பார்வை பட்டதும் இருமுவதுபோலப் பாவனை செய்தான்.

அடுத்துக் கூட்டம் வந்தது. சாலையை முழுதாக அடைத்துக்கொண்டு, ஒருவர் தோள் ஒருவர் மேல் உரச. அதன் முகப்பில் வான்னஸ். தாடை இறுகி, கண்கள் சாலையில். செப்பேயைத் துரத்த வேண்டிய பெரும்புள்ளிகள் எல்லாரும் வான்னஸின் முதுகுக்குப் பின்னால், அவன் எப்போது விலகுவான் என்று காத்துக்கொண்டு வந்தார்கள்.

"வான்னஸ்! வான்னஸ்! தூக்குடா தம்பி!" என்று ஓடீல் தொண்டை கிழியக் கத்திக் கொடியை ஆட்டினார்.

வான்னஸ் தன் பெயரின் முதலெழுத்துக்கு வந்தான். இருக்கையிலிருந்து எழுந்து மிதித்தான். மூன்று கோட் எனாமலின் மேல் மழை நீர் நின்றிருந்தது. பின்சக்கரம் மாவரைக்கும் எந்திரம்போல நின்ற இடத்திலேயே சுற்றியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சைக்கிள் நகரவில்லை. வான்னஸ் ஒரு கணம் அந்தரத்தில் நின்றான். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, சாலைக்குக் குறுக்காக, ஒரு காலைத் தரையில் ஊன்றினான்.

அவ்வளவுதான். அந்தச் சரிவில் ஒருவன் நின்றால் பின்னால் வருகிறவன் நின்றாக வேண்டும். அவன் நின்றால் அடுத்தவன். வளைவிலிருந்து அடிவாரம் வரை உலகத்தின் விலையுயர்ந்த கால்கள் அத்தனையும் தரையைத் தொட்டன. அந்தச் சரிவில் நின்ற சைக்கிளில் மறுபடி ஏறிக் கிளம்ப ஆண்டவனாலும் ஆகாது. சாம்பியன்கள் எல்லாரும் வழுக்கும் பந்தயக் காலணிகளோடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சந்தைக்குக் கன்றுக்குட்டி ஓட்டிப்போகிறவர்கள்போல நடந்தார்கள். ஏழெட்டு மொழிகளில் வசவு கேட்டது. அந்தப் பக்கத்து மாடுகள் அன்றிலிருந்து ஒரு வாரம் பால் கொடுக்கவில்லை.

வான்னஸ் குனிந்து தரையைப் பார்த்தான். தன் காலுக்கடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தான். பிறகு தலையை நிமிர்த்தி நேராக ஓடீலைப் பார்த்தான். ஓடீலின் கையில் கொடி பாதியில் நின்றிருந்தது. வான்னஸ் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே நடந்தான்.

"என்ன ஆச்சு? என்னய்யா ஆச்சு?" என்றார் கஸ்ட்.

ஓடீல் கொடியை மெல்ல இறக்கினார்.

செப்பே கடைசிவரை தனியாகவே போய் ஜெயித்தான். மற்றவர்கள் மேட்டின் உச்சியில் மறுபடி சைக்கிளில் ஏறி உட்காருவதற்குள் அவன் அடுத்த ஊரைத் தாண்டியிருந்தான்.

சாயங்காலம் கஃபே நிரம்பி வழிந்தது. ஈரக் கோட்டுகளிலிருந்து எழுந்த ஆவியில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. டிவியில் அந்த வளைவை நூறாவது முறையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய வீரர் ஒருவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, கண் கலங்கிப் பேசினார். கிழட்டு நரியின் மூளை, என்றார். வான்னஸின் டீம் பையன் செப்பே முன்னால் போகிறான். துரத்தும் கூட்டத்தைச் சரியான இடத்தில் குறுக்கே நின்று மறித்துவிட்டான் வான்னஸ். முப்பது வருடத்தில் இப்படி ஒரு தந்திரத்தைப் பார்த்ததில்லை, என்றார்.

"பார்த்தியா! நான் அப்பவே சொன்னேன்!" என்று கஸ்ட் மேஜையைக் குத்தினார். அவர் அப்போது சொன்னது எதுவுமே இல்லை. "முதல் ஆளா வந்தான் பாரு, ஏன் வந்தான்? மறிக்கிறதுக்கு! உள்பக்கம் ஏறினான் பாரு, ஏன்? அங்கதான் குறுகல்! சக்கரத்தைச் சுத்த விட்டான் பாரு... அதுக்கெல்லாம் எவ்வளவு பயிற்சி வேணும் தெரியுமா?"

லீவன் நாற்காலி மேலேயே ஏறிவிட்டான். "நான் என் தீர்மானத்தை வாபஸ் வாங்குறேன்! இந்த மாதிரி மூளையை யாராவது வீட்டுக்கு அனுப்புவாங்களா? ஒரு வருஷம் இல்ல, ரெண்டு வருஷம்! வான்னஸ் மன்றம் இன்னும் ரெண்டு வருஷம்! கிளாஸைத் தூக்குங்க!"

"பொறு. இன்னும் பாதிப் பேருக்கு ஊத்தலை," என்றாள் ரோசா.

ஓடீல் மூலையில் நின்றார். அவர் கேட்டதற்கு இரண்டு மடங்கு கிடைத்திருக்கிறது. சந்தோஷப்படத்தான் நினைத்தார். இரண்டு பிப்ரவரி, இரண்டு மார்ச், அத்தனை மழையும் கண்முன்னே வரிசையில் வந்து நின்றன. முழங்கால் வலித்தது.

ரோசா அவர் காதருகே வந்தாள். "பின்பக்கமா வந்திருக்கான். அடுக்களையில இருக்கான். உங்களை மட்டும் கூப்பிடுறான்."

அடுக்களையில் வான்னஸ் கவிழ்த்துப்போட்ட பீர்ப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். குளித்துவிட்டு வந்திருந்தாலும் காதுக்குப் பின்னால் சேறு இருந்தது. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, சுவரில் கை தூக்கி நிற்கும் படத்துக்கு அப்பாபோல இருந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"என்ன பெயிண்ட்டு அது?"

ஓடீல் தொப்பியைக் கழற்றினார். "எனாமல். வெளிவேலைக்கு அடிக்கிறது. கடலோர வீட்டு ஜன்னலுக்கு."

"எத்தனை கோட்?"

"மூணு."

வான்னஸ் மெல்லத் தலையாட்டினான். "நெனைச்சேன். ஒரு கோட்டா இருந்தா தப்பிச்சிருப்பேன்."

"மன்னிச்சிருடா. நான்..."

"விடுங்க மாமா. நாய் மேல விழுந்திருக்கேன், வைக்கோல் கட்டு மேல விழுந்திருக்கேன், ஒரு தடவை ஒரு பிஷப் மேலகூட விழுந்திருக்கேன். என் பேரு மேலயே வழுக்குனது இதுதான் முதல் தடவை." அவன் உதடு கோணியது. ஓடீலுக்கும் கோணியது. இரண்டு பேரும் சத்தம் வெளியே கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். ரோசாவின் வாணலியில் உருளைக்கிழங்கு பொரிந்துகொண்டிருந்தது.

"வெளியில என்ன இவ்வளவு கூச்சல்?" என்றான் வான்னஸ்.

"உன்னைப் பெரிய தந்திரக்காரன்னு முடிவு பண்ணிட்டானுங்க. இன்னும் ரெண்டு வருஷம் மன்றம் நடத்தப் போறோம்."

வான்னஸின் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது. எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகு, இன்னும் ஒரு சுற்று பாக்கி என்று யாரோ சொன்ன மாதிரி.

"ரெண்டா?"

"ஏண்டா? சந்தோஷமில்லையா?"

"மாமா, கோவிச்சுக்க மாட்டீங்களே?" அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "போன வருஷமே நிறுத்தியிருக்கணும். அதுக்கு முந்தின வருஷமே. குளிர்ல, மழையில, பாதி தூரத்துல டீம் பஸ்ல ஏறி உக்காந்துடலாம்னு இருக்கும். அடுத்த வளைவு வரும். பார்த்தா நீங்க நிப்பீங்க. கொடியும் கையுமா, மூக்கு ஒழுகிக்கிட்டு. இந்த வயசுல இந்த மனுஷன் எனக்காக நிக்கிறாரு, நான் எப்படி பஸ்ல ஏறுறதுன்னு மறுபடி மிதிப்பேன்."

ஓடீல் வெங்காய மூட்டையின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். முழங்கால்கள் சத்தம் போட்டன.

"அடப்பாவி," என்றார். "நான் உனக்காக நிக்கிறேன்டா. கொடியைப் பார்க்கலைன்னா நீ ஒடிஞ்சு போயிடுவேன்னு. எனக்கு மட்டும் மழையில நிக்கணும்னு வேண்டுதலா? மரியெட் சோபாவுல கம்பளியைப் போத்திக்கிட்டுப் பார்க்குறா. எத்தனை வருஷமா அந்தச் சோபாவை நெனச்சு ஏங்கிக்கிட்டு இருக்கேன் தெரியுமா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"அப்போ நிறுத்திடவா மாமா?"

"நிறுத்து. என்னையும் நிறுத்த விடு."

வெளியே லீவன் கிளாஸைத் தூக்கச் சொல்லி மூன்றுவரை எண்ணத் தொடங்கியிருந்தான். ஓடீல் எழுந்து, தொப்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கஃபேக்குள் போனார். ஐம்பது வருடமாக அவர் அடித்த பெயிண்ட்டைப் பற்றி இந்த ஊரில் ஒருவரும் குறை சொன்னதில்லை. இப்போது அவரே சொல்ல வேண்டியிருந்தது.

"கிளாஸைக் கீழ வைங்க," என்றார். "தந்திரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவன் வழுக்கினான். நான் அடிச்ச பெயிண்ட்டுதான் காரணம். ரோட்டுக்கு அடிக்கக் கூடாத பெயிண்ட்டு. மழையில சோப்பு மாதிரி ஆயிடும்னு எனக்குத் தோணியிருக்கணும். தோணலை. பளபளன்னு இருக்கணும்னு மட்டும்தான் நெனைச்சேன்."

கஸ்ட் எழுந்து நின்றார். முகம் பரவசத்தில் சிவந்திருந்தது.

"பார்த்தீங்களாடா! தலைவரும் உடந்தை!"

கஃபே அதிர்ந்தது.

"யோவ், நான் சொல்றதைக் கேளு..."

"எந்த வளைவுல அடிக்கணும்னு உனக்கு யாரு சொன்னா? வான்னஸ்! என்ன பெயிண்ட்டுன்னு சொன்னது? வான்னஸ்! மழை வரும்னு அவனுக்குத் தெரியும். மூணு கோட்டாம்ல! நான் அப்பவே நெனைச்சேன், இவ்வளவு காசுச் சரக்கு எதுக்குன்னு. இப்ப விளங்குது. நான் குடை புடிச்சேன்யா! இந்தத் திட்டத்துல எனக்கும் பங்கு உண்டு!"

நான்கு பேர் கஸ்ட்டின் முதுகில் தட்டினார்கள். உண்மையைச் சொல்லி ஒரு மனிதன் இவ்வளவு கைதட்டல் வாங்கியதை வெல்டெகெம் அதுவரை கண்டதில்லை.

அப்போது அடுக்களைக் கதவு திறந்தது. வான்னஸ் வந்து நின்றதும் கூரை பறந்துபோகாமல் இருந்தது ஆச்சரியம். அவன் கையை உயர்த்தி அமைதியாகும்வரை காத்திருந்தான். ரொம்ப நேரம் காத்திருந்தான்.

"வழுக்கினேன்," என்றான்.

"அடக்கத்தைப் பாரு அடக்கத்தை!" என்றார் கஸ்ட்.

"சரி, எப்படி வேணா வெச்சுக்குங்க. நான் நிறுத்துறேன். இன்னைக்குத்தான் கடைசி. எனக்கு அலுத்துப்போச்சு."

மழை ஜன்னலில் அடிப்பது மட்டும் கேட்டது. லீவன் நாற்காலியிலிருந்து இறங்கினான். தூக்கின கிளாஸை என்ன செய்வது என்று பலருக்குத் தெரியவில்லை. மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

ரோசாதான் முதலில் வாயைத் திறந்தாள். "சாப்பிடுறியா?"

வான்னஸ் அவளைப் பார்த்தான். எத்தனையோ வருடங்களாக அந்தக் கேள்விக்கு அவன் சொன்ன பதில் ஒன்றே: கொஞ்சம் சோறு, உப்பில்லாமல்.

"பொரிச்ச உருளைக்கிழங்கு," என்றான். "இருக்கிறதுலயே பெரிய தட்டு. மயோனீஸ் வழிய வழிய. ஒரு பழுப்பு பீர்."

ஓடீல் சுவரோரம் சாத்தியிருந்த கொடியை எடுத்துவந்து லீவனிடம் கொடுத்தார். "யாருக்கு வேணா தூக்கிக்கோ. செப்பேக்குத் தூக்கு, நல்ல பையன். பிப்ரவரில ரெண்டு காலுறை போட்டுக்கோ. ரோட்டுல எழுதணும்னா சுண்ணாம்புல எழுது."

"தலைவரே, நீங்க இல்லாம..." லீவன் கொடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"டிவில பார்த்துக்கிட்டுத்தான் இருப்பேன். உன் ஆளு எந்த இடத்துல இருக்கான்னு தெரியணும்னா எனக்குப் போன் பண்ணு."

அவர் வான்னஸுக்கு எதிரே உட்கார்ந்து, காலை நீட்டி, பூட்ஸின் நாடாக்களை அவிழ்த்தார். மாலை ஏழு மணிக்கு, பொது இடத்தில், மன்றத் தலைவர் பூட்ஸைக் கழற்றியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பூட்ஸுக்குள்ளேயிருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் கொட்டியது.

தட்டு வந்தது. வான்னஸ் முதல் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு தட்டை ஓடீல் பக்கம் கொஞ்சம் தள்ளினான்.

பின்மேஜையில் கூட்டம் மெல்ல மறுபடி கூடிக்கொண்டிருந்தது. நடுவில் கஸ்ட், குரலைத் தாழ்த்தியிருந்தார். அதாவது பக்கத்துத் தெருவுக்கு மட்டும்தான் கேட்டது.

"நல்லா யோசிச்சுப் பாருங்கடா. நிறுத்துறேன்னு சொல்லிட்டான். இனிமே எவனும் இவனைக் கவனிக்க மாட்டான். எல்லாரும் மறந்துடுவானுங்க. அடுத்த ஏப்ரல்ல திடீர்னு அடிவாரத்துல வந்து நிப்பான், முதல் ஆளா. நான் சொல்றேன் எழுதி வெச்சுக்குங்க. இதுவும் தந்திரம்தான்."

ஓடீல் ஒரு துண்டை எடுத்து மயோனீஸில் தோய்த்தார். அது வாய்க்குப் போகும் வழியிலேயே அவருடைய தலை மார்பில் சாய்ந்தது. வான்னஸ் அந்தத் துண்டை அவர் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்துத் தானே தின்றான்.